பாப்பா என்ற ஃபோல்டர்

இதை நம்புங்கள் என்று யாரிடமும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். கட்டுக்கதை என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அவர்கள் சொல்பேச்சைக் கேட்கிறவரை அவர்களுக்குக் கவலை இல்லை.

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, மழை, மின்வெட்டு என்று எதிர்பார்ப்பீர்கள். இதில் அதெல்லாம் கிடையாது. நல்ல வெயில், மதியம் மூன்று மணி. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பேய்க்குக் கொஞ்சமாவது நேரம் காலம் தெரிந்திருக்க வேண்டாமா?

என் தொழில் வீடுகளுக்குப் போய்க் கம்ப்யூட்டர் சரிபார்ப்பது. வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் கம்ப்யூட்டரைத் திறந்து தரச் சொல்லிக் கூப்பிடுகிற பெண்கள் எனக்குப் புதிதில்லை. பாஸ்வேர்டைச் சொல்லாமல் போய்ச் சேர்வது ஆண்களுக்கு ஒரு பழக்கம். நானும் போவேன், அரை மணி நேரத்தில் திறந்து கொடுப்பேன், ஒரு காபி குடித்துவிட்டு வருவேன். அந்த வீட்டுக்கும் அப்படித்தான் போனேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கடைசி அறைக்கு அழைத்துப் போனாள். அறைக்கதவு மூடியிருந்தது. அவள் இரண்டு முறை தட்டினாள். காதைக் கொடுத்துக் கொஞ்சம் நின்றாள். பிறகுதான் திறந்தாள்.

உள்ளே ஒருவரும் இல்லை.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லக்கா. பழக்கம்."

நான் உள்ளே போனேன். அவள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். கால்விரல் கூட உள்ளே படவில்லை.

விஷயத்தை அங்கே நின்றபடியே சொன்னாள்.

"எங்க பொண்ணு மூணு வயசுல போயிட்டா. வெறும் காய்ச்சல்தான் வந்துச்சு. வர்ற பொறந்த நாளைக்கு ஏழு முடிஞ்சிருக்கும். அவ வீடியோ எல்லாமே இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. என்கிட்ட ஒண்ணுகூட கிடையாது."

"உங்க வீட்டுக்காரர் தரலையா?"

"தரமாட்டார். அவ பொறந்த நாளைக்கு மட்டும் கூப்பிட்டு ஒண்ணு போட்டுக் காட்டுவார்."

"வருஷத்துக்கு ஒண்ணா?"

"ஆமாக்கா. அந்த வருஷம் நான் எப்படி நடந்துக்கிட்டேன்னு பாப்பார். நல்லபடியா நடந்திருந்தா முழுசா ஓடும். இல்லன்னா பாதியில நிறுத்திடுவார். போன வருஷம் பாதிதான்."

குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதுபோல இதைச் சொன்னாள். போன மாதம் இதே அறையில் நெஞ்சுவலி வந்து செத்திருக்கிறான் மனிதன். உயிரோடு இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். செத்தவன் போட்ட பூட்டு எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நாற்காலி சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஜன்னல் திரை முழுக்க மூடியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

பாஸ்வேர்டைத் தாண்டுவது பெரிய வேலையாக இல்லை. ஃபோல்டரும் உடனே கண்ணில் பட்டது. 'பாப்பா' என்று பெயர் வைத்திருந்தான். உள்ளே நாற்பத்தொரு வீடியோக்கள். பெயர்கள் தெரிந்தன. எதுவும் திறக்கவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்று திரும்பத் திரும்ப ஒரே பதில்.

அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று அவர்தான் முடிவு செய்வார். ஒருத்தருக்கு அனுமதி தராமல் சும்மா விட்டுவிடுவது ஒன்று. அவர் பெயரைத் தேடி எழுதி, எதிரில் 'மறுப்பு' என்று டிக் போடுவது வேறு. அப்படிப் போட்டுவிட்டால் வேறு யார் அனுமதி கொடுத்தாலும் செல்லாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரும் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள்.

இவன் போயிருந்தான். மனைவியின் கணக்கைத் தேடிப் பிடித்து, பார்க்க, கேட்க, நகலெடுக்க என்று ஒவ்வொரு கட்டமாக மறுப்பு டிக் போட்டிருந்தான். ஒன்றைக்கூட மறக்கவில்லை.

"திறந்துடுமாக்கா?"

"அஞ்சு நிமிஷம். போய் ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க. அழுவீங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவளுக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

ஃபோல்டரின் உரிமையை நான் நுழைந்திருந்த நிர்வாகிக் கணக்குக்கு மாற்றினேன். மறுப்புகளை எல்லாம் நீக்கினேன். அவளுக்கு முழு அனுமதி கொடுத்தேன். பச்சைப் பட்டை ஓடி முடிந்தது. முதல் வீடியோவைத் திறந்தேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

பட்டியலைப் பார்த்தேன். உரிமையாளர் இடத்தில் அவன் பெயர். மனைவிக்கு எதிரே எல்லா மறுப்பும் பழையபடி.

எங்கேயோ அழுத்த மறந்திருப்பேன் என்று மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதே கதை. சில கில்லாடிகள், மாற்றினால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்படி ஒரு நிரலை எழுதி ஒளித்து வைத்திருப்பார்கள். தேடினேன். அப்படி எதுவும் இல்லை. வெளியில் இருந்து யாராவது நுழைகிறார்களோ என்று இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் போட்டேன். மூன்றாவது தடவை மாற்றினேன். இந்த முறை பட்டியலை மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கண்ணெதிரே... டிக் விழுந்தது. ஒரு கட்டம். கொஞ்சம் இடைவெளி. அடுத்த கட்டம். நிதானமாக. அவசரமே இல்லாத ஒரு ஆள் செய்கிற மாதிரி.

"அக்கா..." வாசலில் இருந்தே திரையை எட்டிப் பார்த்து அவள் கூப்பிட்டாள். "நாப்பத்தொண்ணு இருந்துச்சே."

கீழே ஓரத்தில் எண்ணிக்கை இருந்தது. முப்பத்தெட்டு.

மூன்று முறை முயற்சி செய்திருந்தேன். மூன்று வீடியோக்கள் இல்லை.

"போதும்க்கா. விட்டுடுங்க."

விட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. செத்தும் கெடுக்கிறவனைப் பார்த்துப் பயப்பட நான் தயாராக இல்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நாற்காலியை விட்டு இறங்கி மேஜைக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, என் லேப்டாப்பில் மாட்டினேன். அவன் கம்ப்யூட்டரில் அவன் ராஜாவாக இருக்கட்டும், என் லேப்டாப்பில் அவனை யாருக்குத் தெரியும்?

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஒரு கம்ப்யூட்டரின் ஆளை இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெயர் இருக்கும் இடத்தில் ஒரு நீளமான எண்தான் வரும். இதுவரை நான் மாட்டிய எந்த டிஸ்க்கிலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

இதில் அவன் பெயர் வந்தது.

என் லேப்டாப்பின் பயனர் பட்டியலைத் திறந்தேன். அதில் நான் ஒருத்திதான் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் இருந்தோம்.

ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலைப் பார்த்தேன். அவன். அவன் மனைவி. மூன்றாவதாக ஒரு புது வரி.

என் முழுப்பெயர். என் அப்பா பெயரோடு சேர்த்து.

என் லேப்டாப்பில் நான் வைத்திருப்பது கடைப்பெயர். அந்த வீட்டில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பெயருக்கு எதிரே... எல்லாக் கட்டத்திலும் மறுப்பு.

எனக்கு ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அனுமதியைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கிற ஒரு கட்டளை. அதைத் தட்டினேன்.

டிக்.

எனக்குப் பின்னால் சத்தம்.

திரும்பினேன். அணைத்துப் போட்டிருந்த அவன் கம்ப்யூட்டரின் மவுஸ். அதன் வயரை நான்தான் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தேன்.

டிக்.

இடது பொத்தான் அமுங்கி எழுந்ததைப் பார்த்தேன்.

திரையில் முப்பத்தாறு.

டிக்... டிக்...

முப்பத்துநான்கு.

நகல் எதுவும் வந்து சேரவில்லை. எண்ணிக்கை மட்டும் இறங்கியது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. லேப்டாப்பை அணைக்கப் பார்த்தேன். அணையவில்லை.

டிக்... டிக்... டிக்... டிக்...

இருபது.

வயரைப் பிடுங்க டிஸ்க்கைத் தொட்டேன். கையில் கொப்புளம் போடும் சூடு. விட்டுவிட்டேன்.

பதினொன்று.

அவள் உள்ளே ஓடி வந்தாள்.

என்னிடம் வரவில்லை. அந்த நாற்காலியின் முன்னால் மண்டியிட்டாள். காலியான நாற்காலி. கீழே, கால்கள் இருக்கவேண்டிய இடத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இனிமே கேக்கமாட்டேங்க. தெரியாம பண்ணிட்டேங்க. யாரையும் கூட்டிட்டு வரமாட்டேங்க."

டிக்.

"ஒண்ணே ஒண்ணு விடுங்க. ஒண்ணு போதும்."

டிக்... டிக்...

டிக்.

நின்றது.

திரையில் ஒன்று என்று இருந்தது.

பக்கத்து வீட்டு மிக்ஸி இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி மெல்லத் திரும்பி மேஜையைப் பார்த்து நின்றது. அவள் எழுந்து, டிஸ்க்கை என் லேப்டாப்பிலிருந்து கழற்றி, பழைய இடத்தில் தன் கையாலேயே மாட்டினாள். அவள் கை சுடவில்லை. அழிந்த வீடியோக்களை மீட்கவும் வழி உண்டு என்று என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கிருந்து ஓடிவிடத்தான் தோன்றியது.

வாசலில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீங்க வராமயே இருந்திருக்கலாம்."

அந்த லேப்டாப்பை அன்றைக்கே உடைத்துப் போட்டேன். அந்தத் தெருப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். நாலு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் அவளே போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, இன்னிக்குப் பாப்பா பொறந்த நாள். அந்த ரூம்ல சத்தம் கேட்டுச்சு. தட்டிட்டுப் போனேன். கம்ப்யூட்டர் ஓடிட்டிருந்துச்சு. காட்டினார்க்கா."

நான் கேட்டேன்.

"மிச்சம் இருந்த ஒண்ணா?"

"இல்லக்கா. இது புதுசு."

"புதுசுன்னா?"

"முன்பல் ரெண்டும் விழுந்திருக்கு. முடி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. நான் பாக்காத கவுன் ஒண்ணு போட்டிருந்தா. தேதி இன்னிக்குத் தேதிதான் போட்டிருந்துச்சு."

"யாரு எடுத்தது?"

"வீடியோ எடுக்கிறது அவர்தான். அவர் குரல் கேட்டுச்சு. பாப்பா நடந்து கிட்ட வந்து நேரா என்னப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் 'யாருப்பா அது'ன்னு கேட்டா. அவர் 'யாருமில்லம்மா'ன்னார். அதோட நின்னுடுச்சு."

அவள் அழவில்லை. குழந்தையின் மேல் ஒரு குறையும் இல்லாத குரலில் சொன்னாள்.

"சின்னதுல பாத்தது. மறந்திருப்பா."

"ம்."

"உங்கள ஒண்ணு கேக்கணும். பாக்கறதுக்கு அனுமதி வேணாம்க்கா. அத நான் இனி கேக்கவே மாட்டேன். அந்த ஃபோல்டருக்குள்ள என் போட்டோ ஒண்ணே ஒண்ணு வைக்கிற அளவுக்கு மட்டும் அனுமதி கிடைக்குமா? பாத்தான்னா ஞாபகம் வந்துடும். அவளா கேப்பா."

அப்படி ஓர் அனுமதி உண்டு. உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது, ஒன்றைக் கொண்டுபோய் வைக்க மட்டும் முடியும். ஒரே ஒரு டிக். எந்த இடத்தில் போட வேண்டும் என்று போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

என் பக்கத்து மேஜையில் புது லேப்டாப் இருந்தது. மூடித்தான் வைத்திருந்தேன். அதன் விளக்கு எரிந்தது.

அப்படி எதுவும் கிடையாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.