பல்செட்டை ராவிய சனிக்கிழமை

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு நான் என் பல்செட்டை அரத்தால் ராவ ஆரம்பித்தேன். அதுவரை நடந்த எதற்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் என்னைச் சொல்லலாம்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஈறு கெட்டு மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடிப் போய்விட்டன. மிச்சமிருந்த ஆறையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறியபின் மேல்தாடைக்கு முழு செட் செய்தார்கள். காஞ்சன்பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே இருக்கும் பல் டாக்டர் செய்தார். பொறுமையான தெலுங்குப் பெண்மணி. செட்டோடு ஒரு தாளும் கொடுத்தார்.

அதில் எல்லாம் இருந்தது. முதலில் மெத்தென்ற சாப்பாடு. சிறு துண்டுகளாக, இரண்டு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும். பேச்சு குழறினால் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்க வேண்டும். தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வலித்தால் வரவேண்டும், வரும்போது செட்டைப் போட்டுக்கொண்டு வரவேண்டும், எங்கே அழுத்துகிறது என்று அப்போதுதான் தெரியும். வீக்கமோ காய்ச்சலோ கண்டாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. அச்சடித்த தாளில் கடைசி வரி மட்டும் கையால் எழுதி நகலெடுத்தது: ‘நீங்களாக ராவ வேண்டாம்.’

நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். என்ன செய்கிறோம் என்று சொல்லக் கூடாது. சொன்னாலும் சுவாரசியமாக இருக்காது. முப்பது வருடமாக, ஒரு பாகம் இன்னொரு பாகத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கடைசி வரி அரம் பிடிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் வாய் முழுக்க வேறு யாருடைய கரண்டியோ இருப்பது போல இருந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இட்லிக்கு ருசி இல்லை. காலையில் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தேன்.

“ஏங்க, வாசிக்கிறீங்களா, யாரையாவது திட்டுறீங்களா?” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

“பயிற்சி.”

“கீழ் வீட்டுக்காரம்மா நாம சண்டை போடுறோம்னு நினைச்சுக்கப் போறாங்க. பயிற்சியை மெதுவா பண்ணுங்க.”

மூன்றாம் நாள் டாக்டரிடம் போனேன். வலது பக்கம் லேசாக அழுத்தியது. அவர் செட்டைக் கழற்றிப் பார்த்து, சிறு மெஷினால் ஓர் இடத்தைத் தொட்டு எடுத்துத் திரும்ப மாட்டினார். ஐந்து நிமிடம். வலி போய்விட்டது. அடுத்து திங்கட்கிழமை வரச் சொன்னார். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதை நினைக்காமல் வந்திருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் இடது பக்கம் மேலே, கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் வலித்தது. திங்களுக்கு இரண்டு நாள் இருந்தது. என்னிடம் ஊசி அரம் இருந்தது. தொழிற்சாலையில் மேடு எங்கே என்று பார்க்க நீலம் பூசுவோம். வீட்டில் நீலம் இல்லை, மனைவியின் கண்மை இருந்தது. பட்ஸால் அதைப் புண்ணின்மேல் தொட்டுவைத்து, செட்டை மாட்டிக் கழற்றினேன். விளிம்பில் கரும்புள்ளி பதிந்திருந்தது. முறையில் எந்தத் தவறும் இல்லை. அந்த இடத்தை ராவினேன்.

“அந்தம்மாதான் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்கல்ல?” என்றாள் மனைவி. “அதுக்குள்ள என்ன அவசரம்? என் மையை வேற எடுத்துட்டீங்க.”

“பத்து நிமிஷ வேலை.”

பத்து நிமிடத்தில் இடது பக்கம் சரியானது. வலது பக்கம் தூக்கியது. வலதை ராவினேன். இடது ஆடியது. ஆறு மணிக்கு நான் நிறுத்தியபோது செட் மேல்தாடையில் ஒட்டவில்லை. வாயைத் திறந்தால் கீழே இறங்கியது. விளிம்பு முழுவதும் ஈறோடு படிந்து, காற்று புகாமல் இருந்தால்தான் அது மேலே நிற்கும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் எதுவும் எச்சிலால் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை.

திங்கட்கிழமை நான் டாக்டரிடம் போகவில்லை.

காரணம் ஒரு ஃபிட்டர். நாலு வருடத்துக்கு முன்பு, அளவில் பொருந்தாத ஒரு பாகத்தை யாரிடமும் சொல்லாமல் ராவிப் பொருத்திவிட்டார். நான்தான் கண்டுபிடித்து அறிக்கை எழுதினேன். அவருக்கு ஒரு இன்க்ரிமென்ட் போயிற்று. அந்தக் கதையை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே. இப்போது அந்த டாக்டர் என் செட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதை நினைத்தேன். மெடிக்கல் ஷாப்பில் பல்செட் ஒட்டும் பசை வாங்கிக்கொண்டேன்.

பசையைத் தடித்துத் தடவி வேலைக்குப் போனேன். வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். வீட்டில் அதை மாட்டியது ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும். அப்போதுதான் மகள் வீடியோவில் அழைப்பாள்.

மகள் நகரத்தின் மறுகோடியில், கச்சிபௌலியில், பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறாள். ஏழு மாதம். ஐந்தாம் மாதத்தில் கொஞ்சம் ரத்தம் பட்டு, படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துப் படுத்தபடி வேலை பார்க்கிறாள். நான் ஒரு நாளைக்கு நாலு முறை அழைத்து, சாப்பிட்டாயா, குழந்தை அசைகிறதா, எது வந்தாலும் மறைக்காமல் உடனே சொல் என்பேன். அவளுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்பதால் என் புண்ணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

புண் ஆறவில்லை. இரண்டு வாரம் ஆனபோது தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் என்றுதான் போட்டிருந்தது. மடித்து வைத்துவிட்டேன். வாயில் ஆறாத புண் என்றால் என்னவாக இருக்கலாம் என்று ஃபோனில் தேடினேன். அதன்பின் டாக்டரிடம் போவது இன்னும் கடினமாகிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு. அழைப்பு வந்தபோது வலது கன்னத்தைத் திரையின் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“ஏமைந்தி அப்பா, என்னாச்சு? ஏன் அந்தப் பக்கம் பாத்துட்டே இருக்கீங்க?”

“வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு.”

“நேரா பாருங்க.”

நேராகப் பார்த்தேன். அவள் அழைப்பைத் துண்டித்தாள். ஐந்து நிமிடத்தில் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. போன மாதத்திலிருந்து அழைப்பின்போது அவள் எடுத்து வைத்திருந்த மூன்று படங்களை வரிசையாக ஒட்டியிருந்தாள். மூன்றிலும் நான் சிரித்தேன். இடது கன்னம் முதல் படத்தில் சாதாரணமாக இருந்தது, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் தெளிவாக உப்பியிருந்தது. அளவுகோல் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த அழைப்பு மனைவிக்கு வந்தது. அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். எனக்குக் கேட்டவை: “நேத்துலேர்ந்து நூறு டிகிரி”, “சொன்னா கேட்டாத்தானே”, “அரம்டி, அரம்! என் மையை வெச்சு!”

வெளியே வந்தவள், “கிளம்பிட்டா” என்றாள்.

“எங்க?”

“இங்கதான். கேப்ல.”

நான் மகளை அழைத்தேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளையை அழைத்தேன். “சொல்லிப் பாத்துட்டேன் மாமா. நானும் கூடத்தான் வரேன். அவ டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் கிளம்பினோம், பின் சீட்ல சாஞ்சுட்டு வரா” என்றார். வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் புள்ளியை அனுப்பினார். கச்சிபௌலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை என்று எனக்குத் தெரியும். புள்ளி நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கேட்டுக்குப் போய் நின்றேன்.

“தூப் மே கைக்கு கடே சாப்? அந்தர் பைட்டோ” என்று, வெயிலில் நிற்காமல் உள்ளே உட்காரச் சொல்லி, செக்யூரிட்டி தன் நாற்காலியை நிழலில் போட்டார். பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்தது தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெயிலிலேயே நின்றேன்.

பன்னிரண்டு பத்துக்குக் கார் வந்தது. பின்சீட்டில் இரண்டு தலையணைகளில் சாய்ந்திருந்தாள். கண்ணாடி இறங்கியது. ஈறு ஆறிய மாதங்களில் ஃபோனில் குரலாக மட்டுமே பேசியதால், மேல்பல் இல்லாத என் முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. நான் கையால் வாயை மூடிக்கொண்டேன். மூடிய கைக்குள்ளிருந்தே, “உனக்கு ஒண்ணும் இல்லையே?” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. எதிர்ப்பக்கம் நடங்க” என்றாள். “அம்மா செட்டை எடுத்துட்டு வரட்டும். வீங்கியிருந்தா வாயில போட வேண்டாம், கையில கொண்டு வாங்கன்னு பல் டாக்டர் சொன்னாங்க. நமக்காக ஒரு மணி வரைக்கும் கிளினிக்கைத் திறந்து வெச்சிருக்காங்க. நீங்க ராவினதையும் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“எந்த டிபார்ட்மென்ட்னு கேட்டாங்க. அந்தக் கடைசி வரியை உங்க ஃபேக்டரி ஆளுங்களுக்காகத்தான் எழுதிச் சேத்தாங்களாம்.”