எண்ணூரில் காற்றுப் புகாத வீடு

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. வீடுகளில் வெயில் எவ்வளவு தங்குகிறது, கரண்ட் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. உங்களில் சிலர் தன்னார்வலராக இதே வேலைக்குக் கிளம்புவதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இது.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் முக்கால் மணி நேரம். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். ஏறும்போதே ஓட்டுநர் கத்தினார்: “ஓரமா குந்தாதக்கா! லாரி போச்சுன்னா வாயெல்லாம் சாம்பலு.” அவர் சொன்னபடியேதான் ஆயிற்று; எல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் அள்ளும் லாரிகள்.

மூன்றாவதாக நுழைந்தது ஏழுமலை அண்ணன் வீடு. கடலுக்குப் போகிறவர். மனைவி தேவிக்கு ஆறாம் மாதம். ஒற்றை அறை, உள்ளே கால் வைத்ததும் முகத்தில் சூடு அறைந்தது. இரண்டு ஃபேன் ஓடியும் புழுக்கம் குறையவில்லை. ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும், படகு ஓட்டையை அடைக்கிற ரெசினைப் பூசி மூடியிருந்தார்.

“தண்ணியே பூராது, காத்து பூந்துருமா?” என்றார்.

சுவரில் மாலை போட்ட படம். மகள் ஷாலினி, ஏழு வயது. வீசிங். சாம்பல் வரக்கூடாதென்று வீட்டை அடைத்த பிறகும் இழுப்பு நிற்கவில்லை. போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியிலேயே போய்விட்டாள்.

“எங்கியோ ஒரு சந்து வுட்டுட்டேன்க்கா. அத்த மட்டும் கண்டுபுட்ச்சிக் குடு. அடுத்த கொயந்தைக்காவது அடச்சிர்றேன்.”

கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னலோரம் பிடித்தேன். இடுக்கு இருந்தால் புகை ஆடும். ஆடவே இல்லை. நேராக மேலே போய்க் கூரையில் முட்டி, எங்களைச் சுற்றியே இறங்கியது.

“சந்தே இல்லண்ணா” என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போதுதான் கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள் தட்டைப் பார்த்தேன்.

“இதத் தினமும் ஏத்துவீங்களா?”

“கொசு புடுங்கி எட்த்துரும்க்கா” என்றார் தேவி. “ஷாலினி தலமாட்டுலதான் வெப்பாரு, அது நல்லா தூங்கட்டும்னு.”

ஏழுமலை அண்ணனுக்குப் புரிந்துவிடக் கூடாதே என்றிருந்தது. அவரோ ஊதுபத்திப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வெளிய போவாதா?”

“போகாதுண்ணா.”

“அப்ப அந்தப் பொகையும்...”

“அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுண்ணா. வெளிய சாம்பல் கொட்டுது. நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றேன். உண்மைதான். ஆனால் அவர் காதில் ஏறவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்து வந்து, ஸ்டூல் மேல் ஏறி வென்டிலேட்டரைக் கொத்த ஆரம்பித்தார்.

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், மாஸ்க் கட்டாயம். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்குக் கொசுவலை, அடுப்புக்கு மேலே புகைபோக்கி ஃபேன் என்று யோசனை சொல்லுங்கள். காற்றுக் கசியாத வீடே நல்ல வீடு என்று படித்திருப்போம். ஏசி வீட்டுக்கு அது சரி. இங்கே கருவியை எடுப்பதற்கு முன், உள்ளே என்ன எரிகிறது என்று கேளுங்கள். யாருக்காக அடைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

தேவி வாசல்வரை வந்தார். “நல்லதுக்குத்தான்க்கா அடச்சாரு. நீயாச்சும் அவராண்ட சொல்லேன்” என்றார். திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் கொத்துவதை நிறுத்தவில்லை. படகு ரெசின், லேசில் பெயராது.