ஓனரம்மாவின் பல் செட்

கிராம்புத் தைலத்தின் காரமான மணம் முன்வீட்டிலிருந்து முற்றம் வரை வந்துவிட்டால், அன்று சனிக்கிழமை சாயங்காலம் என்று நாள்காட்டி பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு, கீழ் ஈறில் இடது பக்கமாக வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் ஓனரம்மா. மறுநாள் பெங்களூரிலிருந்து மகன் வருவார். ஒரு ராத்திரிக்குள் அந்த ஈறு அடங்க வேண்டும். காலையில் அதன்மேல் பல் செட் ஏற வேண்டும்.

ஓசூரில் தேன்கனிக்கோட்டை சாலையை ஒட்டி, ஒரே முற்றத்தைப் பார்த்து வரிசையாக எட்டு வீடுகள் இருந்த ஒரு "லைன் வீட்டில்" நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் தனியாக இருந்த உரிமையாளரை எல்லோரும் ஓனரம்மா என்றே கூப்பிட்டோம். அப்பாவுக்குக் கம்பெனியில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட், அம்மாவுக்கு கார்மெண்ட்ஸ் வேலை. கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத, ஒன்பது வயதான எனக்குப் பள்ளிவிட்டு வந்ததும் வீட்டுப் பூட்டுதான் எதிரே தெரியும். சாவி ஓனரம்மாவிடம் இருக்கும். அம்மா வரும்வரை நானும் அங்கேதான் இருப்பேன். பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசும் அவருக்கு, கணவர் இறந்தபிறகு, தன் தெலுங்கைப் பேச ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மிஞ்சியிருந்தது.

அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியபோது, மீதியையும் எடுத்துவிட்டு மேலும் கீழுமாக முழு செட் கட்டிக் கொடுத்தவர் மகன்தான். நான் பார்க்கும்போது அதற்கு ஏழு வயது. வார நாட்களில் அது தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும். யாராவது வாடகை கொடுக்கவோ தண்ணீர் மோட்டார் போடச் சொல்லவோ வந்தால் முந்தானையை வாய்மேல் இழுத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். அதனாலேயே லைனில் பலர் அவரைத் திமிர்பிடித்தவர் என்று நினைத்தார்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். என் முன்னால் மட்டும்தான் வெறும் வாயோடு சாப்பிடுவார். இருவருக்கும் ராகிக் களி, கீரைச் சாறு. "களியை மெல்லக்கூடாது பாப்பா, முழுங்கணும். பல்லு இல்லாதவங்களுக்கு சாமி குடுத்தது இது" என்பார்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கைக்கண்ணாடியை வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண் சரியாகத் தெரியவில்லை என்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். உதட்டை விரலால் இறக்கிக் காட்டினார். செட்டின் விளிம்பு உட்காரும் இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண், நடுவில் வெள்ளையாக, சுற்றிலும் சிவப்பாக. பார்த்ததைச் சொன்னேன். உதட்டை மூடிக்கொண்டு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. அவனுக்குத் தெரிஞ்சா இங்க ஒண்டியா இருக்க வேணாம்னு கூட்டிட்டுப் போயிடுவான். நான் போனா இந்த வீட்டையும் வித்துடுவாங்க."

நான் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் மட்டும் அல்ல. அவர் போய்விட்டால், பள்ளிவிட்டதிலிருந்து அம்மா வரும்வரையான இரண்டரை மணி நேரம் நான் எங்கே இருப்பேன் என்ற கணக்கும் எனக்குள் ஓடியது.

மார்கழிக்குள் களி கூழாகி, கூழ் கஞ்சியாகிவிட்டது. ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செட்டைப் போட்டுக்கொண்டு மகன் எதிரே சிரித்தபடி உட்காருவார். கேட்டால் காலையிலேயே சாப்பிட்டாயிற்று என்பார். மகன் வாங்கிவரும் ஆப்பிள்கள் திங்கட்கிழமை எனக்கு வரும். நான் ஒன்றுவிடாமல் தின்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அப்படி ஒரு திங்கட்கிழமை அம்மா சீக்கிரம் வந்துவிட்டார். கையில் ஆப்பிளைப் பார்த்து, பெரியவர்கள் தின்பதை ஏன் வாங்கித் தின்கிறாய் என்று அதட்டினார். அவரால் கடிக்க முடியாது என்றேன். ஏன் என்றார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. புண், தைலம், கஞ்சி எல்லாவற்றையும் அழுதபடி கொட்டிவிட்டேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க அம்மா அப்படியே டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனார்.

"வாயத் தொறங்கம்மா" என்று அம்மா மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. திறக்கும்போது ஓனரம்மா அம்மாவைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைத்தான் பார்த்தார்.

மறுநாள் அம்மா லீவு போட்டு அவரை ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாராம்: பல் எடுத்தபிறகு வருடா வருடம் ஈறு சுருங்கும், பழைய செட் தளர்ந்து உராயும், அதை அவ்வப்போது காட்டிச் சரிசெய்ய வேண்டும், வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். இத்தனை மாதம் ஆனதால் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வீட்டு ஆள் வேண்டும் என்றதால் அம்மா மகனுக்குப் போன் செய்தார்.

சில நாள் கழித்துப் பரிசோதனை முடிவு புற்று இல்லை என்று வந்தது. செட்டைக் கழற்றி வைத்து மருந்து தடவியதில் புண்ணும் ஆறத் தொடங்கியது. ஆனால் மகன் மாறிப்போனார். முற்றத்தில் எட்டு வீட்டாரும் பார்க்க, வாரம் தவறாமல் வந்தும் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த மாதமே ஓனரம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போக வண்டி கொண்டுவந்தார்.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஓனரம்மா தேடி வந்து, எங்கள் வீட்டுச் சாவியை என் கையில் வைத்து மூடினார். "நீ சொன்னது தப்பில்ல பாப்பா. நான் உன்ன மறைக்க வெச்சதுதான் தப்பு" என்றார். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொள்ளாமல் முற்றத்தில் நடந்துபோனதை அன்றுதான் பார்த்தேன். அதன்பிறகு தினமும் நானே பூட்டைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பயந்தபடியே ஒரு வருடத்துக்குள் லைன் வீடு கைமாறியது. புது செட் நன்றாகப் பொருந்தி, சப்பாத்திகூடச் சாப்பிடுகிறாராம் என்று ஒரே ஒருமுறை சேதி வந்தது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று யாரிடம் கேட்பது? நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் இறந்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்தது நாலு மாதம் கழித்து.

இப்போது அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம், மாடிக்கு மாடி வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். தெருவுக்கு ஒரு பல் கிளினிக் வந்துவிட்டது. அம்மா இல்லை. நானும் ஷிப்டுக்குப் போகிறேன், ரிட்டயர் ஆன அப்பா என்னோடு ஓசூரிலேயே பேகேபள்ளிப் பக்கம் ஒரு பிளாட்டில் இருக்கிறார். போன மாதம் அவர் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருப்பதைக் கண்டு பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கடைவாய்ப்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. எத்தனை நாளாக மெல்ல முடியவில்லை என்று டாக்டர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை.

"சாப்பிடறப்ப கூட யார் இருப்பாங்க ஐயா?" என்றார் டாக்டர்.

"டிவி ஓடிட்டிருக்கும்" என்றார் அப்பா.