சென்டர் பின்னின் அளவு

எங்கள் பழைய டிராக்டரின் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஒரே ஓர் இரும்புப் பின்தான் தாங்குகிறது. சென்டர் பின் என்பார்கள். அதுவும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உலோக உறையும் தேய்ந்து, மேடு பள்ளத்தில் முன்பக்கம் லொடக்லொடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. சாமை விதைக்கும் மழை பெய்துவிட்டது. மலைச்சரிவில் ஈரம் நிற்காது. அது காய்வதற்குள் எங்கள் நிலத்தையும் பக்கத்திலிருந்த சித்தியின் நிலத்தையும் உழுதாக வேண்டும்.

அப்பா பின்னைக் கழற்றினார். நான் அளந்தேன். கல்லூரியில் இயற்பியல் படித்தபோது வாங்கிய வெர்னியர் அளவுகோல் என்னிடம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அளவு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புஷ் உட்காருவது பின்னின் நடுப்பகுதியில். அங்கே மூன்று முறை அளந்து, தாளில் எழுதிக்கொண்டு, ஆள் ஏற்றும் ஜீப்பில் மலையிறங்கி ஆலங்காயம் போனேன்.

லேத் பட்டறைக்காரர் கையை நீட்டினார். "பின்னு எங்கம்மா?"

"அளவு எழுதினு வந்துகிறேங்க."

"பின்னு இருந்தா போட்டுப் பாத்துக் குடுப்பேன்."

"இது சரியாத்தான் இருக்கும்ங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளில் இருந்தபடியே புஷ்ஷைக் கடைந்து கொடுத்தார்.

மறுநாள் காலை டிராக்டரின் முன்பக்கம் ஜாக்கியின் மேல் நின்றது. சரிவான இடம் என்பதால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைக்கல் வைத்திருந்தோம். புது புஷ்ஷை அச்சில் இறக்கியாயிற்று. பின் மட்டும் நுழையவில்லை. அப்பா அச்சுக்கு அடியில் தலையை வைத்துப் படுத்து, சுத்தியலை எடுத்தார்.

விதைப்பையோடு வந்த சித்தி வரப்பில் உட்கார்ந்தாள். "இன்னா மாமா, இன்னும் நுழையலயா?"

"புதுசு. இறுக்கமாத்தான் கீது. பாப்பா அளந்தது, தப்பாது."

முதல் அடி. இரண்டாவது அடி. அப்போதுதான் பின்னின் முனையைச் சரியாகப் பார்த்தேன். முனை தேயவே இல்லை, பழைய கனத்திலேயே இருந்தது. மெலிந்திருந்தது நடுப்பகுதி மட்டும். அந்த மெலிந்த அளவைக் கொடுத்து புஷ்ஷில் துளை போட வைத்திருக்கிறேன். கனத்த முனை அதற்குள் எப்படிப் போகும்?

சொல்ல வாய் வரவில்லை. சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அடியில் பலகைக்கல் நகர்ந்தது. ஜாக்கி சரிவுப் பக்கம் சாய்ந்து நின்றது.

"அப்பா, வெளிய வா. நான் அளந்தது தப்பு."

"நீ அளந்து தப்பா? இன்னும் ஒரே அடி, போய்டும்."

"போவாதுப்பா. மொதல்ல வெளிய வா."

அவர் காலைப் பிடித்து இழுத்தேன். திட்டிக்கொண்டே வந்தவர், எழுந்து ஜாக்கியைப் பார்த்தார். பெரிய கல்லாக இரண்டைத் தூக்கி வந்து அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"காலேஜுல இத்தான் சொல்லிக் குட்த்தாங்களா?" என்றாள் சித்தி. "ஈரம் காஞ்சிட்டா, அந்தக் கோல வெச்சி மழைய அளந்து தருவியா?"

அப்பா பின்னையும் புஷ்ஷையும் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "ஜீப்பு போறதுக்குள்ள கெளம்பு."

பட்டறைக்காரர் பின்னின் நடுவில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். "இது ஆவாது. பின்னும் புதுசு போடணும்." கடையில் புதுப் பின் வாங்கி வந்தேன். அதற்கேற்ப வேறு புஷ் கடைந்தார். பின்னை அதற்குள் விட்டுச் சுழற்றிக் காட்டும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

அடுத்த நாள் காலை அப்பா உள்ளங்கையால் தள்ளியே பின்னை உள்ளே அனுப்பினார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை.

நிலத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். மேலே உதிர்ந்தது, விரல் ஆழத்தில்தான் ஈரம் இருந்தது. மாலைவரை தாங்காது. ஒரு நிலம்தான் உழ முடியும்.

"சித்தியோடத மொதல்ல ஓட்டுப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். சித்தி விதைப்பையை அவிழ்த்தாள். எங்கள் நிலம் அடுத்த மழைவரை உழாமலே கிடந்தது.