இருநூறு சொற்களுக்குள்

மூன்று மணி ஏழு நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை சங்கத் தலைவரின் மேசையில் இருந்த இரண்டு கடிதக் கட்டுகள். இடப்பக்கக் கட்டின்மேல் ஒரு பழைய ஸ்பார்க் பிளக். வலப்பக்கக் கட்டின்மேல் உப்புப் போத்தல். நான் எழுதிக் கொடுத்த நீலத்தாள் உப்புப் போத்தலின் கீழே இருந்தது.

2009 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெற்கு லண்டனில் நாய் ஓட்டத்துக்காகக் கட்டப்பட்ட ஒரு மைதானத்தின் தேநீர்க் கூடம். ஞாயிறுகளில் அங்கே நாய்கள் ஓடுவதில்லை, ஸ்டொக் கார்கள் ஓடும். இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, முன்னும் பின்னும் கனத்த பம்பர் பூட்டிய கார்கள். நீள்வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும்போது முன்னால் போகிறவனைப் பம்பரால் இடித்து ஓரம் தள்ளிவிட்டுப் போகலாம். அதற்குத் தண்டனை இல்லை. கூரையின் நிறத்தை வைத்து ஓட்டுநரின் தரத்தை அறியலாம். வெள்ளைக் கூரைக்காரன் புதியவன், முன்னால் புறப்படுவான். சிவப்புக் கூரைக்காரன் கெட்டிக்காரன், அதனால் கடைசியாகப் புறப்பட்டு எல்லோரையும் இடித்துக்கொண்டு வரவேண்டும்.

அடுத்த வருடம் இந்த ஓட்டங்களை நகரத்துக்கு வெளியே, கிழக்கே, பெருஞ்சாலையைத் தாண்டியுள்ள ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோவதா இல்லையா என்பதுதான் அன்றைய பேச்சு. நடத்துகிறவர்கள் ரசிகர் சங்கத்தின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். இருநூறு சொற்களுக்கு மேற்படாமல் கடிதம் எழுதலாம், கூட்டத்தில் வாசிக்கப்படும், பிறகு கை உயர்த்தலாம் என்று சங்கத்தின் செய்தித்தாளில் போட்டிருந்தது. போகக்கூடாது என்ற கடிதங்கள் ஸ்பார்க் பிளக்கின் கீழே. போகலாம் என்றவை உப்புப் போத்தலின் கீழே.

அந்த நீலத்தாள் என்னுடைய கருத்து அல்ல. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணையின் கருத்து. அவர் சொன்னார், நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

அண்ணை என்று நான் சொல்வது உறவினால் அல்ல. ஸ்ட்ரெதம் பக்கத்தில் டயர் கடை வைத்திருந்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஜேர்மனியில் நெடுங்காலம் பழைய கார் உடைக்கும் இடத்தில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஜேர்மன் மொழியில் சண்டை பிடிக்கவும் பகிடி விடவும் தெரியும். ஆங்கிலத்தில் டயர் அளவுகளும் வணக்கமும் நன்றியும் தெரியும். கடைக்கு மேலே வீடு. மனைவிக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருடம். மேலே கட்டிலருகில் ஒரு மணி, கீழே கடையில் அதன் சத்தம். எத்தனையோ தடவை அவர் சக்கரத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் படியேறியதைப் பார்த்திருக்கிறேன். சனி பின்னேரம் தேவாலயப் பூசைக்கு மனைவியைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போவார். ஞாயிறு பூசையைச் சனிக்கு மாற்றியதற்குக் காரணம் ஸ்டொக் கார். சுவாமியாரிடம் அதை நேராகவே சொன்னாராம். ஞாயிறு இரண்டு மணிக்குக் கவுன்சில் அனுப்பும் உதவிப் பெண் வருவாள், ஆறு மணிக்குப் போய்விடுவாள். இடைப்பட்ட நாலு மணி நேரத்தில் அவர் பஸ் ஏறி மைதானத்துக்கு வந்து, மூன்றாவது வளைவின் கம்பி வேலியோடு நின்று, ஐந்தரைக்குத் திரும்பிவிடுவார்.

ஆதலால் இறுதி ஓட்டத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அவருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவி அவருடைய நிகழ்ச்சி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இறுதி ஓட்டத்தின் முடிவைப் பென்சிலால் நிரப்பி, அடுத்த முறை கொடுப்பார். அண்ணை அதற்குப் பதிலாக வெள்ளித்தாளில் சுற்றிய ஆட்டிறைச்சி ரோல்ஸ் இரண்டு கொடுப்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கவில்லை. வெள்ளைக் கூரைக்காரன் யாராவது சிவப்புக் கூரைக்காரனை வேலியோடு சேர்த்து அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிச் சிரிப்பார்கள்.

நான் அங்கே போகத் தொடங்கியது அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு. அதற்கு முன்னைய ஞாயிறுகளில் நாங்கள் எல்லோரும் ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு எதிரே நின்றோம். மே மாதத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாங்கோ தம்பி, நல்ல சத்தமாயிருக்கும், ஒண்டும் யோசிக்கேலாது என்று அண்ணைதான் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னது சரி.

கோடையில் நான் நகரின் கிழக்கு எல்லைக்கு வீடு மாறினேன். அதன்பின் மைதானத்துக்கு வர நகரத்தைக் குறுக்காகக் கடக்கவேண்டும், காரில் ஒன்றரை மணி நேரம். இதை நான் இங்கே குறிப்பிடவேண்டும், அந்தக் கடிதத்தில் குறிப்பிடவில்லை.

கடிதத்தை அண்ணை கடையில் வைத்துச் சொன்னார். டயர் கம்பனிக் கலண்டரின் பழைய மாதம் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் தமிழில் அப்படியே எடுத்தேன்.

"கிழமையிலை நாலு மணித்தியாலம் என்ரை. அதிலை ஆரும் என்னட்டை மனிசி எப்பிடி எண்டு கேக்கிறேல்லை. காரைப் பற்றித்தான் கதைக்கினம். தூரத்துக்குக் கொண்டுபோனா எனக்கு அது இல்லை. அவ்வளவுதான், தம்பி. மிச்சத்தை நீங்கள் வடிவாப் போடுங்கோ."

மிச்சத்தை நான் வடிவாகப் போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் வாசகர் கடிதப் பக்கத்தைப் பார்த்தவன் நான். எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக் கதை வெட்டப்படும். நோய், கஷ்டம், கண்ணீர் வெட்டப்படும். பொதுக் காரணம் நிற்கும். மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டென்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் கடிதத்துக்கு ஒரு கனம் வரும். எத்தனையோ பேருடைய கடிதங்களை அப்படிச் செப்பனிட்டிருக்கிறேன். ஒருவரும் முறையிட்டதில்லை. முறையிட்டிருந்தாலும் அதையும் நானே வெட்டியிருப்பேன்.

அண்ணையின் நாலு மணித்தியாலம் வெட்டப்பட்டது. மனைவி வெட்டப்பட்டார். புதிய மைதானம் பெரியது, எல்லா வளைவும் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும், கார் நிறுத்த இடமுண்டு, அங்கே தாருக்குப் பதில் செஞ்சல்லிப் பாதை, கார்கள் வழுக்கி ஓடுவதைப் பார்க்கப் பலர் விரும்புகிறார்கள் என்று நாலு வாக்கியம் எழுதினேன். பிறகு, எனினும் நகரவாசிகளின் வசதியையும் கருத்தில் எடுக்கவேண்டும் என்று ஒரு வாக்கியம். பழைய இடத்தின் சரித்திரம் பற்றி ஒன்று. எண்ணிப் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூற்றாறு சொல். எனக்குத் திருப்தியாக இருந்தது. அண்ணையின் பெயரைக் கீழே எழுதினேன். அவர் வாசிக்காமலே கையொப்பம் வைத்தார்.

கூட்டத்துக்கு வருகிறேன்.

தலைவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். குரல் தெளிவானவர். முதலில் ஸ்பார்க் பிளக் கட்டை வாசித்தார். செஞ்சல்லி மைதானத்தில் பார்க்கிறவன் முகத்திலும் சேறு, அவன் சிப்ஸிலும் சேறு என்று ஒருவர் எழுதியிருந்தார், கூடம் சிரித்தது. அப்பா தோளில் தூக்கிவந்த இடம் இது என்று இன்னொருவர். உப்புப் போத்தல் கட்டைக் கையில் எடுத்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், உப்பை அந்தக் கடிதங்களின்மேல் தாராளமாகத் தூவுங்கள் என்றார். நம்பமுடியாததை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள் என்பது ஆங்கில வழக்கு, அதற்கும் சிரித்தார்கள்.

நீலத்தாள் மூன்றாவதாக வந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள், இவர் இந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே வசிப்பவர், மோட்டார் தொழிலில் இருப்பவர், இவரே ஒத்துக்கொள்கிறார் என்று தலைவர் முன்னுரை சொன்னார். பிறகு என் நாலு வாக்கியங்களையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எனினும் என்று தொடங்கும் வாக்கியத்தை வேகமாகக் கடந்தார். அப்படிக் கடந்துபோகக்கூடிய வாக்கியமாகத்தான் நான் அதை எழுதியிருந்தேன்.

தன் பெயரைக் கேட்டதும் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். சிலர் கைதட்டினார்கள். அவர் தலையை ஆட்டி நன்றி சொன்னார். முன்வரிசையில் இருந்த கம்பளித் தொப்பிக் கிழவி திரும்பி அவரைப் பார்த்தார். அண்ணை வெள்ளித்தாள் பொதியை நீட்டினார். கிழவி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"அந்த மனிசிக்கு என்ன கோவம், தம்பி?" என்று அண்ணை என் காதோடு கேட்டார்.

"தெரியேல்லை, அண்ணை."

அப்போது மூன்று மணி இருபது இருக்கும். நான் எழுந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கடிதம் பிழையான கட்டில் இருக்கிறது, பிழை என்னுடையது. எங்கள் பத்திரிகையில் திருத்தம் என்று தலைப்பிட்டு மூன்றாம் பக்கத்தின் அடியில் போடுவோமே, அந்த அளவுதான். என் ஆங்கிலம் அதற்குப் போதும். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, தலைவர் வாசித்த அடுத்த கடிதத்தைக் குறித்துக்கொண்டேன்.

போகக்கூடாது என்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது அண்ணை தன் வலது கையை முழுசாக நீட்டி உயர்த்தினார். விரல் இடுக்குகளில் ரப்பர் கறுப்பு. தலைவர் கண்ணாடியைச் சரிசெய்து அவரைப் பார்த்தார், நீலத்தாளைப் பார்த்தார், எண்ணிக்கொண்டு போனார். கிழவி மீண்டும் திரும்பினார். முதலில் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னை, என் பேனையை. அதன்பின் அவர் என்னோடு பேசியதில்லை.

போகலாம் என்பவர்களின் கைகள் கூடுதலாக இருந்தன, கொஞ்சம்தான் கூடுதல்.

"உங்கடை கையைக் காணேல்லை?" என்று அண்ணை கேட்டார்.

"எழுதிக்கொண்டிருந்தன்."

"ஓம், நீங்கள் பேப்பர்க்காரர்தானே" என்று சிரித்தார். தோற்றது அவருக்கு உறைக்க ஒரு ஓட்டம் தாமதமாகியது. இரண்டாவது ஓட்டத்தில் ஒரு நீலக் கூரைக் கார் வேலியில் ஏறி நின்றது, அவர் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். உண்மையாகவும் இருக்கலாம். நடத்துகிறவர்கள் முன்பே தீர்மானித்துவிட்டார்கள் என்று சங்கத்தில் பேச்சிருந்தது. ஆனால் நான் செப்பனிட்டது அவருடைய கடிதத்தை அல்ல. வெட்டியது அவருடைய காரணத்தை, நிற்கவிட்டது என்னுடைய காரணத்தை. நடுநிலை என்ற பெயரில் ஆறு வருடம் இதையேதான் செய்தேனா என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பரில் சங்கத்தின் செய்தித்தாளில் எல்லாக் கடிதங்களும் அச்சில் வந்தன. அண்ணை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மேலே, கட்டிலருகில் எனக்கு ஒரு கதிரை போட்டார். அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கோ, தமிழிலை சொல்லுங்கோ என்றார். அவருடைய மனைவி வலதுபக்க முகத்தால் சிரித்தார்.

நான் அச்சிட்ட பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கலண்டரின் பின்பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். கிழமையிலை நாலு மணித்தியாலம் என்ரை. அதிலை ஆரும் என்னட்டை மனிசி எப்பிடி எண்டு கேக்கிறேல்லை. ஒரு சொல் விடவில்லை, எனக்குப் பாடமாக இருந்தது. கண்ணை வரிகளின்மேல் இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே சொன்னேன். அவருடைய மனைவி வலது கையால் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவையும் போட்டிருக்கிறாங்கள்" என்றார் அண்ணை. "அப்பிடியிருந்தும் கேக்கேல்லை. பரவாயில்லை. சொன்னதுதானே."

புதிய இடத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அவர் விரலில் எண்ணினார். போக ஒன்றரை, வர ஒன்றரை.

"மிச்சம் ஒரு மணித்தியாலம். கார் நிப்பாட்ட இடம் தேடவே அது சரி. நீங்கள் போங்கோ தம்பி, போய்வந்து சொல்லுங்கோ."

பழைய மைதானத்தில் கடைசி ஓட்டம் கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு. அண்ணை வழமைபோல ஐந்தரைக்குப் புறப்பட்டார். இறுதி ஓட்டம் முடிந்ததும் கிழவி அவருடைய நிகழ்ச்சி அட்டையைப் பென்சிலால் நிரப்பி, என் கையில் தந்தார். முதல் பத்து இடங்களும் எழுதப்பட்டிருந்தன. வழமையாக மூன்று இடங்கள்தான் எழுதுவார்.

புதிய மைதானத்தில் முதல் ஓட்டம் மார்ச்சில், ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. என் வீட்டிலிருந்து காரில் இருபத்தைந்து நிமிடம்.