ஜெபராஜுக்குப் பதிலாக நின்றவர்

1. நற்கருணை வரிசை

அந்த ஈஸ்டர் ஞாயிறு காலை நான் நற்கருணை வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பும்போது சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆராதனையில் போனை எடுக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படி அழைப்பு வந்தால் அது டிஸ்பாட்ச் விஷயமாக இருக்காது என்று தெரியும். வாசலுக்கு வந்து எடுத்தேன்.

லைன் லீடர் பேசினார். "சார், பெரிய பிரஸ்ஸுல கை மாட்டிகிச்சி சார். தண்டலம் பக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிகினு கீறோம்."

"யாரு?"

"ஏழுமலை சார்."

உள்ளே திரும்பிப் பார்த்தேன். நற்கருணை வரிசையில் ஜெபராஜ் நின்றுகொண்டிருந்தார். ஷிஃப்ட் ரோஸ்டரின்படி அந்த நேரத்தில் பெரிய பிரஸ்ஸின் முன்னால் நின்றிருக்க வேண்டியவர் அவர்தான்.

எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு என்று நான் இங்கே எழுதவில்லை. தேதிகளைக் குறித்து வைப்பது என் சிறுவயதுப் பழக்கம். எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆனால் இதில் வருகிறவர்கள் இன்னும் இதே சாலையில்தான் பஸ் ஏறி இறங்குகிறார்கள். கொரோனா முடிந்து, ஆர்டர்கள் மறுபடி குவிந்து, ஞாயிறுகளிலும் லைன் ஓடத் தொடங்கிய காலம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

2. எங்கள் ஏற்பாடு

கார்களின் தரைத்தகடு, கதவுக்குள் வரும் சட்டம் போன்றவற்றை அழுத்திக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. ஞாயிறும் லைன் ஓடும் என்றானதும் வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாகச் சுழல ஆரம்பித்தது. பிரஸ் ஷாப்பில் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் சிலரே. ஞாயிறு ஆராதனைக்குப் போக வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் கேட்டால், "எல்லாரும் அவங்கவங்க சாமிக்கு லீவு கேட்டா பிரஸ்ஸ யார் ஓட்டறது?" என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

அதனால் ஆட்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கிறிஸ்தவரின் ஞாயிறு ஷிஃப்டை இந்து ஒருவர் பார்ப்பார். ஆயுத பூஜை, தீபாவளி, ஆடிக் கிருத்திகை வந்தால் கிறிஸ்தவர் அவருக்குப் பதிலாக நிற்பார். வாய் வார்த்தைதான். இன்சார்ஜ் என்ற முறையில் எனக்குத் தெரியும், ஹெச்.ஆருக்கும் தெரியும், தெரியாதது போல இருந்தார்கள். ரோஸ்டரில் பெயர் மாறாது. பக்கத்து கம்பெனிகளிலும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஜெபராஜும் ஏழுமலையும் இப்படி ஒரு ஜோடி. ஜெபராஜ் எங்கள் சபைக்காரர், டிரெய்னியாகச் சேர்ந்தவர், அடுத்த இரண்டு மாதத்தில் ஆன் ரோல், அதாவது நிரந்தர ஆள், ஆக வேண்டியவர். ஏழுமலை வயதில் மூத்தவர், கான்ட்ராக்ட் ஆள். வல்லக்கோட்டை முருகனுக்கு வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். பெரிய வெள்ளிக்கு மறுநாள் ஷிஃப்ட் முடிந்து கை கழுவும் இடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னா ஜெபா, நாளிக்கி உங்க சாமி எய்ந்திருக்கிறாரா?"

"ஆமாண்ணா. விடிகாலைலயே ஆராதன கீது. காலைல ஏ ஷிஃப்ட் எனக்குப் போட்டுட்டாங்கோ."

"அதுக்கு ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? நீ போய் அவர எய்ப்பி வுட்டுட்டு வா. பிரஸ்ஸ நான் பாத்துக்கறேன்."

"உனக்கு நாளிக்கி வீக் ஆஃப் ஆச்சே."

"வூட்ல கெடந்தா உங்க அண்ணி தண்ணி புடிக்கச் சொல்வா. போடா."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. பைபாஸ்

இளைய சூப்பர்வைசர்களுக்காக இதை விளக்கமாக எழுதுகிறேன். பிரஸ்ஸின் முன்னால் லைட் கர்ட்டன் என்று ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளித் திரை. கை அதைத் தாண்டி உள்ளே போனால் பிரஸ் நின்றுவிடும். சனிக்கிழமை டையை, அதாவது தகட்டை அழுத்தி வடிக்கும் அச்சை, மாற்றியபோது அந்த லைட் கர்ட்டன் எரர் காட்டியிருக்கிறது. வண்டி லோடுக்காக கேட்டில் நின்றிருந்தது. மெயின்டனன்ஸில் அதன் இணைப்பைத் தவிர்த்து, பைபாஸ் போட்டு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று ஓட்டிவிட்டார்கள். அப்போது நான் வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஞாயிறு காலை தகடு ஒன்று டையில் ஒட்டிக்கொண்டது. ஏழுமலை அதை எடுக்கக் கை நீட்டினார். யாரும் இயக்காமலே பிரஸ் இன்னொரு முறை இறங்கியது. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் போயின.

அந்தக் காலை அங்கே யார் நின்றிருந்தாலும் இது நடந்திருக்கும். இதைத்தான் பிறகு பல மாதங்கள் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஈஸ்டர் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மதியத்துக்கு மேல்தான் பார்க்க விட்டார்கள். ஏழுமலைக்கு மயக்கம் முழுதும் தெளியவில்லை. ஜெபராஜைப் பார்த்ததும், "பூச முட்சிட்டு வந்தியா?" என்று கேட்டார்.

ஏழுமலையின் மனைவி கஸ்தூரி வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். யூனிஃபார்மோடு வந்திருந்தார். அவரிடம் நான், "எல்லாம் ஆண்டவர் சித்தம்மா, தைரியமா இருங்க" என்றேன். இப்படிச் சொல்வது எங்களுக்குப் பழக்கம். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

4. ஸ்தோத்திரக் காணிக்கை

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஸ்தோத்திரக் காணிக்கைகளைக் காரணத்தோடு வாசிப்பார்கள். பிறந்தநாள், திருமண நாள், வேலை கிடைத்தது, காய்ச்சல் நீங்கியது என்று வரிசையாக வரும். ஆண்டாண்டு காலமாக நடப்பதால் யாரும் அதைக் கூர்ந்து கேட்பதுகூட இல்லை.

விபத்துக்குப் பிந்தைய ஞாயிறு ஆயர் வாசித்தார்: "சகோதரர் ஜெபராஜ் குடும்பத்தார். வேலை ஸ்தலத்தில் நேரிட இருந்த பெரிய விபத்தினின்று கர்த்தர் அவரை அற்புதமாகக் காத்ததற்காக." சபை வழக்கம்போல "ஸ்தோத்திரம்" என்றது. நானும் சொன்னேன்.

காணிக்கை கொடுத்தது ஜெபராஜின் மனைவி ஸ்டெல்லா. கணவரிடம் சொல்லவில்லை. அவர் நல்ல பெண். அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனவர் அவர்தான். கஸ்தூரியிடம், "அக்கா, எங்க சபைக்கு வாங்க, ஐயா அண்ணனுக்காக ஜெபம் பண்ணுவாரு" என்று கூப்பிட்டிருந்தார். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. கஸ்தூரி வந்திருந்தார். பின்வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஆயர் கதவருகில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். கஸ்தூரி நேராக அவரிடம் போனார். நான் அருகில் நின்றிருந்தேன்.

"ஐயா, இப்ப நீங்க படிச்சது எங்க வூட்டுக்காரரு அடிபட்டாரே, அந்த விசயந்தான?"

ஆயருக்கு அப்போதுதான் புரிந்தது. "ஆமாம்மா."

"அப்ப உங்க சாமி அவங்களக் காப்பாத்தறதுக்கு இவர அங்க நிக்க வெச்சிட்டாரா? நான் சண்டைக்கு வர்ல ஐயா. தெரிஞ்சிக்கணும்னு கேக்கறேன்."

எங்கள் ஆயர் நன்றாகப் படித்தவர். தேவனுடைய சர்வ வல்லமை பற்றி ஒரு வருடம் முழுக்கத் தொடர் பிரசங்கம் செய்தவர்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "அத நான் அப்படிப் படிச்சிருக்கக் கூடாது."

"நீங்க படிக்கலன்னா மட்டும் இன்னா ஆயிடப் போவுது" என்று சொல்லிவிட்டு கஸ்தூரி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஸ்டெல்லா அவர் பின்னாலேயே ரோடு வரைக்கும் ஓடினார். கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபராஜ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்த வந்தவர் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

5. விசாரணை

இதற்குள் கம்பெனியில் வேறொரு பேச்சு எழுந்திருந்தது. ஏழுமலையை அந்த பிரஸ்ஸில் யாரும் போடவில்லை, விடுமுறை நாளில் அவராகவே வந்து நின்றிருக்கிறார், அதனால் தனக்குப் பொறுப்பில்லை என்று அவரை அனுப்பிய கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ரோஸ்டரும் அதைத்தான் சொன்னது. வேலை நேரத்தில் நடந்த விபத்து இல்லையென்றால் ஏழுமலைக்கு நஷ்ட ஈடும் இல்லை, மாற்று வேலையும் இல்லை. அந்தக் கையோடு வெளியே போனால் இந்தச் சாலையில் அவரை எடுக்க ஒரு கம்பெனியும் கிடையாது.

ஹெச்.ஆர். மேனேஜர் ஜெபராஜையும் என்னையும் விசாரணைக்கு முந்தின நாளே அழைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஜெபராஜ், நீங்க லீவ் சொல்லிட்டுத்தான் போனீங்க. உங்க இடத்துக்கு யார் வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அவ்ளோதான். அடுத்தது உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல்தான் என் டேபிள்ல இருக்கு. சார், உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் கிட்ட வந்தாச்சு. எதுக்கு வம்பு?"

வெளியே வந்ததும் ஜெபராஜ் என்னோடு கேன்டீனில் உட்கார்ந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஸ்டெல்லா இன்னா சொல்றா தெரியுமா சார்? கர்த்தர் காப்பாத்திக் குடுத்த வேலைய நீயே கெடுத்துக்காதங்கறா. புள்ள வேற ஸ்கூல்ல சேரப் போவுது."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அந்தக் காணிக்கைய வாசிச்சப்ப எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிது சார். என்னக் காப்பாத்தனாரு, சரி. ஆனா காப்பாத்தப்பட்டவன் வூட்ல உக்காந்து ஸ்தோத்திரம் சொல்லிகினு இருந்தா, அது நன்றியா? நான் கேட்டேன், அவரு வந்தாரு. அத்த நான் சொல்லலன்னா, அவரு அங்க நிக்கவே இல்லன்னு ஆயிடும்."

மறுநாள் விசாரணையில் அவர் சொன்னதும் அவ்வளவுதான். "நான் கேட்டேன். அவரு எனக்காக வந்தாரு. இது எல்லா ஞாயித்துக்கிழமையும் நடக்கறது." தெரிந்தே அனுமதித்தேன் என்று நானும் சொன்னேன், பைபாஸ் விஷயத்தையும் சொன்னேன். எனக்கு மெமோ வந்தது. ஓய்வுக்கு நெருங்கியவனுக்கு ஒரு மெமோ பெரிய இழப்பில்லை. ஜெபராஜுக்கு அப்படியில்லை. கன்ஃபர்மேஷன் வரவில்லை, அந்த மாதக் கடைசியில் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

விபத்து வேலை நேரத்தில் நடந்தது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏழுமலைக்கு ஸ்டோரில் கையுறையும் காது அடைப்பானும் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. இனி யாரும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதன்பிறகு பிரஸ் ஷாப் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு ஆராதனை வாய்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

6. ஏழுமலை வீட்டில்

ஜெபராஜ் ஒரு வேர்ஹவுஸில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். ஆடி மாதம் ஒரு நாள் நாங்கள் இருவரும் ஏழுமலையைப் பார்க்கப் போனோம். வேலை போன செய்தி தெரிந்ததிலிருந்து அவர் ஜெபராஜின் போனை எடுக்காமலே இருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததும் வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தார்.

"உன்ன யார்ரா சொல்லச் சொன்னது? ஒரு குடும்பம் நாசமானது பத்தாதா? ரெண்டாவது ஒண்ணு வோணுமா? அறிவு கீதா உனக்கு?"

ஜெபராஜ் தலைகுனிந்தே நின்றார். "அன்னிக்கி நான் கேட்டப்ப நீ யோசிச்சியாண்ணா?"

"அது வேற."

"இன்னா வேற?"

ஏழுமலை கட்டுப் பிரித்த கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நாற்காலியை எங்கள் பக்கம் தள்ளினார். சற்று நேரத்தில் கஸ்தூரி டீ கொண்டுவந்தார். எனக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெபராஜுக்கு வைக்கவில்லை. மறதியாக இருக்க வழியில்லை.

ஏழுமலை உள்ளே ஒருமுறை பார்த்தார். பிறகு பழகாத இடது கையால் தன் டம்ளரை மெல்ல நகர்த்தி, கொஞ்சம் சிந்தி, ஜெபராஜின் முன்னால் வைத்தார். "குடி. ஆறிடப் போவுது."

ஜெபராஜ் குடித்தார்.

இளைய சூப்பர்வைசர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பைபாஸ் போட்ட மெஷினை எந்த அவசரத்துக்கும் ஓட்ட விடாதீர்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஒன்று. தேவன் ஆளுகிறார் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அடிபட்டவர் வீட்டாரிடம் போய் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். தப்பிக்கிறவனுக்கு அது கிருபைதான். அவன் அதற்கு ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறொருவர் நின்றிருப்பார். சிலுவையில் நமக்குப் பதிலாக ஒருவர் நின்றதை ஞாயிறுதோறும் பாடுகிற நாம், இப்படி நின்றவரைத் தேடிப் போகாமல் ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிட முடியாது. தேடிப் போனால் அங்கே நமக்கு டீ கிடைக்காமலும் போகலாம். அப்போதும் போகத்தான் வேண்டும்.

கஸ்தூரி அதன்பிறகு எங்கள் சபைக்கு வரவில்லை. யாரும் அவரை வரச் சொல்லவும் இல்லை.