படகுப் பொந்தும் பாதி முட்டையும்

மக்கிப்போன ஸ்பாஞ்சின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால், மூன்று நாளைக்குத் தின்னும் சோற்றிலும் அதே புளிப்பு வாடைதான். மலேசியாவில், கிள்ளான் ஊரில் அப்பா ‘குஷன் கடை’ வைத்திருந்தார். கார் சீட், மோட்டார் சீட் எல்லாம் தைப்பார் என்றாலும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது படகு வேலைதான். படகு அறையின் கூரையில் ஒட்டிய வினைல், உள்ளிருக்கும் ஸ்பாஞ்சு பொடிந்துபோனதும், பிடிப்பில்லாமல் தொப்பையைப் போலத் தொங்கிவிடும். அதைக் கழற்றி, கூரையில் அப்பியிருக்கும் மஞ்சள் பொடியையும் காய்ந்த ‘கம்’மையும் கம்பி பிரஷால் சுரண்டி, பெயின்ட் தின்னரால் துடைத்தால்தான் புது வினைல் நிற்கும். ஒட்டுவது அப்பா. படகின் முனையில் ஒடுங்கிய பொந்துக்குள் பெரியவர்கள் தோள் நுழையாது என்பதால், அங்கே சுரண்டுவது பத்து வயதான நான்.

மல்லாந்து படுத்துச் சுரண்டச் சுரண்ட, பொடி கண்ணிலும் வாயிலும் கொட்டும். மூச்சு முட்டுகிறது என்று வெளியே வந்தால் அப்பா காலைப் பிடித்து உள்ளே தள்ளுவார்.

“தூசு தின்னு யாரும் சாவல. ஒன் தோளு நுழையிற வரைக்கும் நீதான் போகணும்.”

அவர் வாயிலிருந்தே எனக்கு வழி கிடைத்தது. அன்றிலிருந்து வெறிபிடித்தவள்போலத் தின்றேன். என்னைவிட இரண்டு வயது இளைய தங்கை மாலாவுக்கு முட்டை பிடிக்காது என்று அம்மாவிடம் நானே சொல்லிவைத்தேன். அவளும் அக்கா கேட்கிறாளே என்று தன் முட்டையை என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். நான் பருக்க வேண்டும், அவள் சின்னதாகவே இருக்க வேண்டும். என் யோசனை அவ்வளவுதான்.

அடுத்த வருடப் பள்ளி விடுமுறையில் என் தோள் பொந்தில் சிக்கியது. நானும் கொஞ்சம் மூச்சைப் பிடித்து நெஞ்சை உப்பிக்கொண்டேன் என்பதும் உண்மை. அப்பா என்னை வெளியே இழுத்துப் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மாலாவைக் கூட்டிவந்தார். அக்காவின் வேலை தனக்குக் கிடைத்துவிட்டதென்று பெருமையோடு அவள் உள்ளே ஊர்ந்து போனாள். நான் மேலே உட்கார்ந்து, அவள் இருமுவதைக் கேட்டபடி கடல்காற்று வாங்கினேன். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான்கு வருடம் அவள் போனாள்.

அப்பா இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மாலாவுக்கு மூச்சிழுப்பு. அந்தப் பொடியால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். மாதாமாதம் மருத்துவமனைக்கு நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். அக்கா மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் வழியில் ஒரு கடையில் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட நிறுத்தினோம். நான்கு படி ஏறியதற்கே இரைக்க இரைக்க உட்கார்ந்தவள், மருந்தை வாயில் அடித்துக்கொண்டு, சோற்றின்மேல் இருந்த பாதி முட்டையை என் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துக்கக்கா. எனக்குத்தான் சின்னதுலேர்ந்தே முட்டை புடிக்காதே.”

நான் எடுத்துச் சாப்பிட்டேன்.